வாங்காத கடன் சிபிலில் இருக்கிறது: யார் மேல் வழக்குப் போடுவது?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிவிடுகிறேன். திருப்பூரில் இருக்கிறீர்கள். வீடு வாங்க அக்ரிமென்ட் போட்டு, இரண்டு லட்சம் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. வீட்டுக் கடன் கேட்டுப் போன வங்கி உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. 2021-இல் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் 48,000 ரூபாய் தனிநபர் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டதாகவும், அது 'ரிட்டன் ஆஃப்' (வராக் கடன் என்று கணக்கில் தள்ளிவிட்டது) ஆகிவிட்டதாகவும் சிபில் ரிப்போர்ட், அதாவது உங்கள் கடன் வரலாற்று அறிக்கை, சொல்கிறதாம். அந்த நிறுவனத்தின் பெயரையே நீங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆன்லைனில் இரண்டு முறை டிஸ்பியூட் (பதிவு தவறு என்ற ஆட்சேபம்) போட்டும் 'கடன் கொடுத்தவர் விவரம் சரி என்று உறுதி செய்துள்ளார்' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. எனவே, சிபில் மேல் வழக்குப் போட முடியுமா, வக்கீலுக்கு எவ்வளவு ஆகும், அமெரிக்காவில் இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் கிடைக்கிறதாமே என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், அடுத்து சேரப்போகும் கம்பெனியின் பேக்ரவுண்ட் செக்கிலும் இது வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வழக்கு என்று கேட்டாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. இந்தப் பதிவைத் திருத்தும் கடமை யாருடையது, அவர்களை நழுவ விடாமல் பிடிப்பது எப்படி என்பதுதான் அது. நான் ஒரு வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வக்கீல். உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அமெரிக்கக் கதையை முடித்துவிடுவோம். அங்கே 1970-இலேயே கடன் அறிக்கைகளுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. அறிக்கை நிறுவனம் வேண்டுமென்றே சட்டத்தை மீறினால், நஷ்டத்தைக் காட்ட முடியாதவருக்குக்கூட 100 முதல் 1,000 டாலர் வரை உண்டு. தண்டனை இழப்பீடும் தனியாகக் கேட்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்கள் ஜெயித்தால் உங்கள் வக்கீல் ஃபீஸையும் எதிர்த்தரப்பு கட்ட வேண்டும். அதனால்தான் அங்குள்ள வக்கீல்கள் 'எங்களுக்கு ஒரு பைசா தர வேண்டாம்' என்று விளம்பரம் செய்ய முடிகிறது. அங்குள்ள கடன் அறிக்கை நிறுவனமான ட்ரான்ஸ்யூனியன் மேல் போட்ட வழக்கு பிரபலமானது. கார் வாங்கப் போனவரின் பெயர் அரசின் பயங்கரவாதிகள், போதைக் கடத்தல்காரர்கள் பட்டியலில் இருந்த பெயரோடு ஒத்துப்போனதால் அவரது அறிக்கையில் எச்சரிக்கை விழுந்தது. கூட்டு வழக்கில் ஜூரி 6 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது. ஆனால் 2021-இல் உச்ச நீதிமன்றம், வழக்கில் இருந்த 8,185 பேரில் யாருடைய அறிக்கை வெளியாளுக்குப் போனதோ அந்த 1,853 பேருக்குத்தான் நஷ்ட ஈடு கேட்கும் தகுதி என்று வெட்டிவிட்டது. அதே ட்ரான்ஸ்யூனியன்தான் இன்று நம் சிபிலில் பெரும்பங்கு வைத்திருக்கிறது என்றாலும், அந்தச் சட்டம் இங்கே செல்லாது. யூடியூபில் பார்த்து அமெரிக்க மாதிரிக் கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது குப்பைக்குத்தான் போகும்.

இங்கே இருப்பது 2005-ஆம் வருடத்துக் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். அதன்படி ரிசர்வ் வங்கி உரிமம் பெற்றவை நான்கு: ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க். நாம் எல்லாவற்றையும் 'சிபில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கடன் கொடுத்தவர் அனுப்பும் விவரத்தை இவை நான்கும் தொகுத்து வைக்கின்றனவே தவிர, தாமாக எதையும் மாற்றுவதில்லை. நீங்கள் டிஸ்பியூட் போட்டதும் அது கடன் கொடுத்தவருக்குப் போகிறது. அங்கே ஒரு ஊழியர் தன் கணினித் திரையில் இருப்பதையும் சிபிலில் இருப்பதையும் ஒப்பிடுகிறார். இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் சிபிலுக்குப் போனதே அந்தத் திரையிலிருந்துதான். 'சரி' என்று அழுத்திவிடுகிறார். கடன் விண்ணப்பத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று கோப்பை எடுத்துப் பார்ப்பவர் அரிது. மூன்றாவது டிஸ்பியூட்டிலும் இதே பதில்தான் வரும். நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் அந்த நிதி நிறுவனம்.

அதற்கு முன் ரிப்போர்ட்டை நிதானமாகப் படியுங்கள். ஸ்கோரோடு கூடிய முழு அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கு நிறுவனத்திடமும் தனித்தனியாக எடுங்கள். ஸ்கோரைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். நேராக முகவரி, தொலைபேசி எண் இருக்கும் பகுதிக்குப் போங்கள். நீங்கள் வசித்தே இராத ஊரின் முகவரி, உங்களுடையதல்லாத ஒரு கைபேசி எண், தேதியோடு அங்கே உட்கார்ந்திருக்கும். பிறகு அந்தக் கடன் கணக்கில் கடைசியாகப் பணம் கட்டிய தேதியையும், மாதவாரியாக எத்தனை நாள் பாக்கி என்று காட்டும் வரிசையையும் பாருங்கள். சில மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு நின்றிருந்தால், பெரும்பாலும் வேறொரு நிஜமான மனிதரின் கடன் உங்கள் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தவணைகூடக் கட்டப்படவில்லை என்றால், உங்கள் பான் எண்ணை வைத்து யாரோ மோசடியாக எடுத்த கடனாக இருக்க வாய்ப்பு அதிகம். இது என் அனுபவக் கணக்குதான், சட்ட விதி அல்ல. ஆனால் அடுத்து எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்ய உதவும்.

முதல் வகைக் குழப்பம் நம் ஊர்ப் பெயர்களில் சகஜம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டில் அப்பா பெயர் பின்னால் முழுதாக வரும், ஆதாரில் ஓரெழுத்தாக முன்னால் நிற்கும், வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. எஸ். முருகன், முருகன் செல்வராஜ், முருகன் எஸ் எல்லாரும் ஒருவரா மூவரா என்று கணினிக்குத் தெரியாது. போதாததற்கு, நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பிறந்த தேதியே பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. பெயரும் தேதியும் ஒத்துப்போகும் இருவர் கிடைப்பது பெரிய அதிசயமில்லை. அவசரத்தில் நிரப்பிய விண்ணப்பத்தில் பான் எண்ணின் ஒரு எழுத்து மாறினாலும் போதும்.

சரி, கடிதத்துக்கு வருவோம். நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, அதற்கு மேல் உள்ள முதன்மை நோடல் அதிகாரி இருவரின் விவரமும் அவர்கள் இணையதளத்தில் இருக்க வேண்டும். இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அதே கடிதத்தைப் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகல் சிபிலுக்கும் போகட்டும், ரிப்போர்ட்டின் கண்ட்ரோல் நம்பரைப் போட்டு. கடிதத்தில் உங்கள் வருத்தத்தை எழுதாதீர்கள். 'மன உளைச்சல்' என்று மூன்று பக்கம் எழுதிய கடிதங்களைக் கடன் பிரிவில் இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எதைத் தேடித் தர வேண்டும் என்பதே இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது குறிப்பான ஆவணங்களை: கடன் விண்ணப்பம், கையெழுத்திட்ட ஒப்பந்தம் அல்லது அதற்கு ஓடிபி போன கைபேசி எண், அடையாளச் சான்றாகப் பெற்ற நகல்கள், புகைப்படம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன் தொகை எந்த வங்கியின் எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில், எந்தப் பரிவர்த்தனை எண்ணில் போனது என்ற விவரம். கையெழுத்து ஒத்துப்போகிறதா இல்லையா என்று வருடக்கணக்கில் வாதாடலாம். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதை ஒரு பக்க ஸ்டேட்மென்ட் காட்டிவிடும். 2021-இல் உங்களிடம் இருந்த எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்டையும் இணையுங்கள், கேட்கும் முன்பே. கடைசியில் 'இந்த ஆவணங்கள் இல்லையெனில் நான்கு நிறுவனங்களிலும் என் பெயரிலிருந்து இக்கணக்கை நீக்கி எழுத்தில் உறுதி செய்யவும்' என்று முடியுங்கள்.

நான்கிலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிபிலில் மட்டும் சுத்தமாகி, எக்ஸ்பீரியனில் அப்படியே கிடந்து, இரண்டாவது வங்கியும் மறுத்த கதைகள் நிறைய.

இந்தக் கடிதத்தின் தேதிதான் உங்கள் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம். திருத்தக் கோரிக்கை வந்த 30 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது 2005 சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் இதற்கு ஒரு விலை வைத்தது. 30 நாளைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார்தாரருக்குக் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவர் 21 நாட்களுக்குள் திருத்திய விவரத்தை அனுப்பாவிட்டால் பாரம் அவர் தலையில், அவர் அனுப்பியும் தகவல் நிறுவனம் இழுத்தால் அதன் தலையில். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இதில் ஒரு ஓட்டையும் உண்டு. இந்த 100 ரூபாய் தாமதத்துக்குத்தான், தவறான பதிலுக்கு அல்ல. உங்கள் இரண்டு டிஸ்பியூட்டுக்கும் 30 நாளுக்குள் 'சரிபார்த்தோம்' என்று பதில் வந்திருந்தால், 'நாங்கள் முடித்துவிட்டோமே' என்பார்கள். இன்னொன்று, 'என் ஸ்கோர் ஏன் குறைந்தது' என்ற புகாருக்கும் இது பொருந்தாது. ஸ்கோர் கணக்கிடும் முறையை இந்த இழப்பீட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். பதிவு தவறு என்று மட்டும் பேசுங்கள், ஸ்கோரைப் பேசாதீர்கள்.

மோசடி வகை என்று தோன்றினால் அன்றே சைபர் குற்றப் புகார் கொடுங்கள். 1930-க்கு அழைக்கலாம், தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம். உள்ளூர் நிலையத்தில் உடனே எஃப்ஐஆர் போட மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் வராதீர்கள். அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். திருடனைப் போலீஸ் பிடிக்குமா என்பது வேறு விஷயம். உங்களுக்கு அந்த ரசீது தேவைப்படுவது, நிதி நிறுவனத்திடம் 'நான் வாங்கவில்லை' என்று வெறும் வாயால் சொல்லவில்லை என்று காட்டத்தான்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் உங்களுக்கு ஒப்பவில்லை என்றால், வங்கி, நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அடக்கம். எனவே நிதி நிறுவனம், சிபில் இரண்டின் மேலும் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் தளத்தில் புகார் செய்யலாம், சந்தேகமிருந்தால் 14448-இல் கேட்கலாம். கட்டணம் கிடையாது. வக்கீலும் கிடையாது, உண்மையாகவே. பிரதிநிதி ஒருவரை நியமிக்கலாம், ஆனால் அவர் வக்கீலாக இருக்கக் கூடாது என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. என் தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனாலும் நல்ல விதி. இதற்குக் கெடு உண்டு, இப்போதைய கெடுவைச் சிஎம்எஸ் தளத்தில் பார்த்துக்கொண்டு தாமதிக்காமல் போங்கள்; 2021 திட்டத்தில் அது பதில் வந்த நாளிலிருந்து ஒரு வருடம், பதிலே வராவிட்டால் கடிதம் கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருடமும் 30 நாளும். உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு லட்சம் வரையும் வழங்கும் அதிகாரத்தை 2021 திட்டம் ஆம்புட்ஸ்மேனுக்குக் கொடுத்தது. இவை உச்சவரம்புகள். அந்தத் தொகை வரும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் பார்த்தவரை, ஆம்புட்ஸ்மேனிடம் புகார் பதிவானதுமே பல நிறுவனங்கள் பதிவைத் திருத்திவிட்டு 'தீர்ந்தது' என்று எழுதிவிடுகின்றன. உங்களுக்கு வீட்டுக் கடன்தான் முக்கியம் என்றால் அதுவே வெற்றி.

இரண்டு எச்சரிக்கை. சொத்து மதிப்பு 100 கோடிக்குக் கீழுள்ள சிறிய நிதி நிறுவனம் இந்தத் திட்டத்துக்கு வெளியே போகலாம். அப்போதும் சிபில் மேல் போடும் புகார் நிற்கும். இரண்டாவது, விரிவான சாட்சி விசாரணை தேவைப்படும் விவகாரம் என்று ஆம்புட்ஸ்மேன் மூடிவிட முடியும். மோசடிக் கடன்களில் இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் புகாரில் 'யாரோ என் கையெழுத்தைப் போலியாகப் போட்டார்' என்பதை முன்னால் வைக்காமல், 'பணம் எனக்கு வந்ததற்கான ஆதாரத்தைக் கேட்டேன், தரவில்லை, பதிவையும் திருத்தவில்லை' என்பதை முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

இதே சூட்சுமம் அடுத்த வழியான நுகர்வோர் ஆணையத்துக்கும் பொருந்தும். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம், மோசடி, ஏமாற்று போன்ற கடும் தகராறுக்குரிய கேள்விகளை நுகர்வோர் ஆணையத்தின் சுருக்க விசாரணையில் தீர்மானிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அந்தத் தீர்ப்பைத்தான் நீட்டுவார். உங்கள் மனுவில் சேவைக் குறைபாடு மட்டும் தெரிய வேண்டும்.

ஆணையத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம், மும்பைக்குப் போக வேண்டியதில்லை. நீங்களே வாதாடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

சந்தேகத்துக்குரியவை இரண்டு. ஒன்று, நீங்கள் அந்த நிதி நிறுவனத்தின் 'நுகர்வோரா' என்பது. கடனே வாங்காதவர் எப்படி எங்கள் வாடிக்கையாளர் என்று கேட்பார்கள். இதற்கு நான் வைக்கும் வாதம், இவர்தான் எங்களிடம் கடன் வாங்கியவர் என்று நான்கு நிறுவனங்களுக்கும் தொடர்ந்து எழுதி அனுப்பிவிட்டு, நீதிமன்றத்தில் மட்டும் இவர் யாரென்றே தெரியாது என்று சொல்ல முடியாது என்பது. பல ஆணையங்கள் இதை ஏற்கக்கூடும், ஆனால் எல்லா இடத்திலும் செல்லும் என்று உறுதி தர மாட்டேன். இன்னொன்று, 2005 சட்டத்தின் 18-ஆம் பிரிவு இப்படிப்பட்ட தகராறுகளைச் சமரசத்துக்கும் மத்தியஸ்தத்துக்கும் அனுப்பச் சொல்கிறது, 31-ஆம் பிரிவு மற்ற நீதிமன்றங்களுக்குத் தடை போடுகிறது. இதைக் காட்டி ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்பார்கள். 2022-இல் வோடாபோன் ஐடியா வழக்கில், தந்திச் சட்டத்தில் மத்தியஸ்த வழி இருப்பதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்குச் சாதகம். ஆனால் அது வேறு சட்டம், வேறு சொற்கள். ஒப்புமையாகத்தான் காட்ட முடியும்.

வரிசை முக்கியம். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் தொட மாட்டார். எனவே முதலில் ஆம்புட்ஸ்மேன், அங்கே சரிவராவிட்டால் ஆணையம். உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா என்று யாராவது சொல்வார்கள். பொதுத்துறை வங்கி என்றால் யோசிக்கலாம். தனியார் நிதி நிறுவனத்தின் மேல் ரிட் பொதுவாக நிற்பதில்லை.

வக்கீல் ஃபீஸ் கேட்டீர்கள். ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும், தொகை சொல்ல மாட்டேன். இங்கே ஜெயித்தாலும் 'செலவுத் தொகை' என்று ஆணையம் தருவது பெரும்பாலும் சில ஆயிரங்கள்தான். முழு ஃபீஸும் திரும்ப வராது. 48,000 ரூபாய்க் கடனுக்காக முதலிலேயே வக்கீல் வைப்பது வீண் செலவு. நஷ்டம் பெரிதாக இருந்து, அதற்குக் காகிதமும் இருந்தால் வையுங்கள். உங்கள் விஷயத்தில் அந்தக் காகிதங்கள்: கடன் மறுத்த காரணத்தை எழுத்தில் தரும் வங்கிக் கடிதம் (காரணம் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி; அவர்கள் பார்த்த கடன் அறிக்கையின் நகலைக் கேட்கவும் 21-ஆம் பிரிவில் உரிமை உண்டு), அட்வான்ஸ் கொடுத்த ஆதாரம், அக்ரிமென்ட். அக்ரிமென்ட் கெடு முடியும் முன் வீட்டுக்காரரிடம் பேசி, அதன் பின்பக்கத்திலேயே கால நீட்டிப்பு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது. பண வசதி இல்லாதவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். 15100-இல் விசாரிக்கலாம்.

'சிபில் ரிப்பேர்' என்று 15,000, 20,000 கேட்கும் ஏஜென்சிகள் பக்கம் போகாதீர்கள். அவர்களுக்கு எந்தத் தனி அதிகாரமும் இல்லை. நீங்கள் போட்ட அதே டிஸ்பியூட்டைத்தான் உங்கள் ஓடிபியை வாங்கிப் போடுவார்கள். ஏற்கெனவே பான் எண் யார் கைக்கோ போயிருக்கலாம் என்ற சந்தேகத்தில் இருப்பவர் இன்னொருவரிடம் ஓடிபி கொடுப்பது எந்த வகையில் சேர்த்தி?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. என்னிடம் 'தவறான பதிவு' என்று வருபவர்களில் கணிசமானோரின் பதிவு தவறே அல்ல. கிரெடிட் கார்டில் ஒன்றரை லட்சம் பாக்கி இருந்து, வசூல் ஆள் பேசி அறுபதாயிரத்தில் முடித்திருப்பார்கள். அது 'செட்டில்டு' என்றுதான் ஏறும், 'குளோஸ்டு' என்று ஏறாது. மீதியைக் கட்டி என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கினால்தான் மாறும். வழக்கால் மாறாது. இதற்கு நேர்மாறாக, முழுவதும் கட்டியும் பாக்கி காட்டுவது உண்மையான பிழை. அதில் என்ஓசி நகல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கடன் கொடுத்த வங்கியே இப்போது இல்லையென்றால், அது எதோடு இணைந்ததோ அங்கே போங்கள். கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது, அந்தப் பழைய கணக்குகளுக்கு டிபிஎஸ்தான் பதில் சொல்ல வேண்டும். வாராக் கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், அந்த நிறுவனத்திடம் போக வேண்டும்.

இனி பேக்ரவுண்ட் செக். எல்லா கம்பெனியும் கடன் பதிவைப் பார்ப்பதில்லை. வங்கி, நிதித் துறை வேலை என்றால் பார்ப்பார்கள், அங்கே இது விளையாட்டல்ல. கடன் பதிவு சரியில்லை என்று எஸ்பிஐ ஒருவரின் நியமனத்தை ரத்து செய்ததை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. பொதுப் பணத்தைக் கையாளுபவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்பது காரணம். அது உண்மையாகவே தவணை தவறியவரின் வழக்கு, உங்களுடையது அப்படி அல்ல. நீங்கள் சேரப்போவது எந்தத் துறை என்று சொல்லவில்லை. நிதித் துறை என்றால், அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காமல், சேரும் முன்பே ஹெச்ஆருக்கு நீங்கள் கொடுத்த புகார்க் கடிதம், சி.எஸ்.ஆர். நகல் இரண்டையும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் பேக்ரவுண்ட் அறிக்கையை வைத்து வேலை மறுக்கும் முன் அதன் நகலை உங்களிடம் கொடுத்துவிட வேண்டும். இங்கே அப்படி ஒரு விதி இல்லை, இந்த இடத்தில் நம் சட்டம் பலவீனம்தான். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் பற்றிய விவரத்தைப் பார்க்கவும் திருத்தக் கேட்கவும் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, ஆனால் இந்த உரிமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை கெஞ்சலும் மின்னஞ்சலும்தான். 'எந்தக் குறிப்பில் முரண்பாடு என்று எழுத்தில் தெரிவிக்கவும், ஆதாரம் தர அவகாசம் வேண்டும்' என்று கேட்டால் நல்ல கம்பெனிகள் கொடுக்கின்றன. நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை. பழைய கம்பெனி பி.எஃப். பதிவில் வேலையை விட்ட தேதியைப் போடாமல் விட்டிருக்கும், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தது போலத் தெரியும். கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டால் அந்தத் தேதியை உறுப்பினர் போர்ட்டலில் நீங்களே போடலாம். இன்று இரவே பார்த்துவிடுங்கள். பெயர் ஒத்துப்போகும் இன்னொருவரின் நீதிமன்ற வழக்கு உங்கள் தலையில் விழுந்திருந்தால், அந்த வழக்கின் சான்றிட்ட நகலை எடுத்துத் தகப்பன் பெயர், முகவரி வேறு என்று காட்ட வேண்டியிருக்கும்.

நிதி நிறுவனத்தின் பதில் வந்ததும் எண்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்று அதில் எழுதியிருந்தால், அந்த வங்கியையும் புகாரில் சேர்ப்பதா என்று பார்க்கலாம். அதைப் பற்றி மூச்சே விடாமல் 'சரிபார்க்கப்பட்டது' என்று மட்டும் வந்தால், தாமதிக்காமல் ஆம்புட்ஸ்மேனுக்குப் போய்விடுங்கள்.